ஓவர்லாக் எடுத்த கதாயுதம்

ஜூன் 6, வியாழன்

மூர்த்தி எனக்கு ஒற்றைக் கை வாளைக் கொடுத்தான். அந்தக் கோபத்தில்தான் இந்த நோட்டை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அம்மாவிடம் சொன்னால் அவனைத் திட்ட இன்னொரு காரணம் கிடைத்தது என்று ஆரம்பித்துவிடுவாள்.

மூர்த்தி என் தம்பி. முழுப் பெயர் திருமூர்த்தி. என்னைவிட ஏழு வயது இளையவன். செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. நான்கு வருடமாகக் கணினியில் ஒரு சண்டை விளையாட்டு ஆடுகிறான். துப்பாக்கி வருவதற்கு முந்தைய காலத்துச் சண்டை. கோட்டை, அகழி, தலை முதல் கால் வரை இரும்பு போட்ட ஆட்கள். களத்துக்குப் போகும் முன் ஆயுத அறைக்குள் நுழைந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். சுவர் நிறைய வாள், ஈட்டி, கோடரி, சம்மட்டி என்று மாட்டியிருக்கிறது. நான் வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறேன் என்று என்னையும் ஆடச் சொன்னான்.

மற்றவர்கள் இடது கையால் விசைப்பலகையைத் தட்டி நடப்பார்கள், வலது கையில் மவுஸைப் பிடித்து ஆயுதம் வீசுவார்கள். எனக்கு இடது கை தோளிலிருந்து கீழே அசையாது. ஒன்றரை வருடமாகிறது. அதனால் மூர்த்தி ஒரு மரப்பலகையில் நான்கு பொத்தான் பொருத்தி, பழைய விசைப்பலகையின் உள்பாகத்தோடு ஒயரைப் பற்றவைத்து, மேசைக்குக் கீழே வைத்துவிட்டான். முன்னால், பின்னால், இடம், வலம். பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடம், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டியவள் நான். மிதிப்பதற்கு என் காலுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அதுவரை சரி. ஆயுத அறையில் அவனாகவே ஒரு சின்ன வாளைத் தேர்ந்தெடுத்து, “இது ஒத்தக் கை வாளுக்கா, உனக்குச் சுளுவா இருக்கும்” என்றான்.

புதிதாக வருகிற எல்லோரும் அதில்தான் ஆரம்பிப்பார்களாம். இருக்கலாம். என் காதில் விழுந்தது வேறு. திரையில் இருக்கிறவனுக்கு இரண்டு கையும் நன்றாகத்தானே இருக்கிறது? நான் அந்த வாளைத் திரும்ப மாட்டிவிட்டு, சுவரிலேயே பெரியதாக, ஆள் உயரத்துக்கு இருந்த இரட்டைக் கை வாளை எடுத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

பெரிய வாள். பதினாறு முறை செத்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

செத்தது பதினாறோடு நிற்கவில்லை. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இந்த விளையாட்டில் நான்கு விதமாக அடிக்கலாம். மேலிருந்து, வலமிருந்து, இடமிருந்து, அப்புறம் குத்து. எதிராளி எந்தப் பக்கமிருந்து ஓங்குகிறானோ அந்தப் பக்கம் நம் ஆயுதத்தைச் சரியான நொடியில் நீட்டினால் அடி தடுக்கப்படும். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் தலை போய்விடும். வாளைப் பார்க்காதே, அவன் தோளைப் பார் என்கிறான் மூர்த்தி.

பெரிய வாளை ஒருமுறை வீசினால் அதைத் திரும்ப நிமிர்த்துவதற்குள் ஒரு மூச்சு நேரம் ஆகிறது. அந்த மூச்சுக்குள் வந்து குத்திவிட்டுப் போகிறார்கள். குத்திவிட்டு என் பிணத்தின் முன்னால் நின்று குனிந்து குனிந்து நிமிர்கிறார்கள். கேலி செய்கிறார்களாம். யார் பெற்ற பிள்ளைகளோ, இந்த மரியாதையை எங்கே கற்றார்கள் என்று தெரியவில்லை.

மத்தியானம் அம்மா பனியன் கட்டைப் பிரித்துப் போட்டுப் பிசிறு வெட்ட உட்கார்ந்தாள். தைத்து முடித்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கிற வேலை. நான் வேலைக்குப் போக முடியாமல் ஆன பிறகு அம்மா இதை எடுத்துக்கொண்டாள். மூர்த்தி சாப்பிட வந்தான். அம்மா தட்டைத் தரையில் வைத்து, சட்டியைப் பக்கத்தில் தள்ளிவிட்டு மறுபடி கத்தரியை எடுத்தாள். எனக்கு மட்டும் பிசைந்து வைத்திருந்தாள். எனக்கு வலது கை இருக்கிறது என்று எத்தனை தடவை சொல்வது?

ஜூன் 13, வியாழன்

ஈட்டிக்கு மாறினேன். நீளம் இருப்பதால் தூரத்திலிருந்தே குத்தலாம். இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. மூன்றாம் நாள் ஒருவன் ஈட்டியின் முனையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான். அவ்வளவு நெருக்கத்தில் ஈட்டி துடைப்பக் குச்சிக்குச் சமம். அதன் பிறகு எல்லோரும் நேராக உள்ளே வந்தார்கள்.

இன்று அம்மாவுக்குத் தலைவலி. நானே தலை பின்னிக்கொள்ளப் பார்த்தேன். ஒரு கையால் பின்ன முடியாது. பல்லில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு அரைமணி நேரம் போராடி, கடைசியில் கொண்டையாக முறுக்கிச் செருகிக்கொண்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

கோடரியையும் பார்த்தாயிற்று. வேண்டாம்.

எனக்கு ஏற்றது எதுவென்று இன்று தெரிந்தது. ஆயுத அறையில் கீழ் வரிசை மூலையில் ஒரு கதாயுதம் இருக்கிறது. நம் கோயில் படங்களில் இருக்கிற உருண்டைக் கதை மாதிரி இல்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு தடி, நுனியில் இரும்புப் பட்டைகள். யாரும் அதைத் தொடுவதே இல்லை. வாளில் பாதிகூட எட்டாது. ஆனால் இரும்புக் கவசத்தில் வாள் பட்டால் வழுக்கிப் போகிறது, கதாயுதம் பட்டால் கவசத்தோடு உள்ளே போகிறது. மூன்று அடி, ஆள் காலி. ஓங்கின கை உடனே திரும்பி வந்துவிடுகிறது என்பதும் பெரிய வசதி.

எட்டாத ஆயுதம் என்றால் பக்கத்தில் போக வேண்டும். அவன் வாள் படாத தூரத்தில் சரியாக நின்று, அது முகத்துக்கு முன்னால் வீணாகப் போனதும் ஒரே எட்டில் உள்ளே போய் அடித்துவிட்டு, ஒரே எட்டில் வெளியே வந்துவிட வேண்டும். அதற்குக் கை போதாது, கால் வேண்டும். கால் என்னிடம் இருக்கிறது.

களத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யாரோ ஒருவன் மைக்கில், மசாலா அரைக்க வந்திருக்கியா என்று கேட்டான். நான் மைக் போடுவதில்லை. என் பெயர் அங்கே ஓவர்லாக். நான் பெண் என்றுகூட அவனுக்குத் தெரியாது. தெரியாமலேயே இப்படிப் பேசுகிறவன் தெரிந்தால் என்ன பேசுவான்.

ஜூன் 26, புதன்

பயிற்சிக் களத்தில் ஒரு வைக்கோல் பொம்மை நிற்கிறது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரை அதோடுதான். மிதி, அடி, பின்மிதி. இருநூறு முறை. பிறகு இடப்பக்கம் சுற்றி இருநூறு, வலப்பக்கம் சுற்றி இருநூறு.

ஓவர்லாக்கில் கழுத்துப் பட்டி தைக்கும்போது ஊசி எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்தத் தையலில் நிற்க வேண்டும். ஒரு தையல் கூடினால் சுருக்கம் விழும், சூப்பர்வைசர் பீஸை மேசையில் எறிவார். பெடலை முழுசாக விடக் கூடாது, முழுசாக மிதிக்கவும் கூடாது. மனதுக்குள் ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கேயும் அதே தாளம்தான். வைக்கோல் பொம்மைக்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கிறேன், ஒவ்வொரு முறையும்.

என் காலுக்கு இது மறக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் இன்றைக்குத்தான் ஒரு வேலை செய்த களைப்பு வந்தது. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 30, ஞாயிறு

மூர்த்தியை ஜெயித்தேன். இரண்டு பேர் மட்டும் மோதும்போது ஏழு அடி முதலில் அடித்தவருக்கு வெற்றி. ஏழுக்கு ஒன்று. அவன் பக்கத்து மேசையில் அவனுடைய மடிக்கணினியில் ஆடினான். நான்கு வருடமாக ஆடுகிறவனை ஒரு மாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா நல்லது கண்ணு என்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 1, திங்கள்

புரியாதது எனக்குத்தான்.

காலையில் அவன் கடைக்குப் போகும் முன் யாரோ ஒரு மதுரைக்காரனோடு ஆடினான். பின்னால் நின்று பார்த்தேன். ஒரு அடி, ஒரே ஒரு அடிகூட அவன் மேல் படவில்லை. வலமிருந்து வந்தாலும் இடமிருந்து வந்தாலும் அங்கே அவன் வாள் முன்கூட்டியே போய் நிற்கிறது.

நேற்று என்னோடு ஆடும்போது நான் வலமிருந்து ஓங்கினால் அவன் இடப்பக்கம் தடுத்தான். ஏழு முறையும். எனக்கு இப்போது வரிசையாக ஞாபகம் வருகிறது. வேண்டுமென்றே தலையைக் கொடுத்திருக்கிறான்.

கேட்டேன். இல்லக்கா, நீ நல்லாத்தான் ஆடற என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்.

பிச்சையா போடுகிறான் எனக்கு? நான் அவனிடம் கேட்டேனா? இனி அவனோடு ஆட மாட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

முரசு லீக் என்று ஒன்று இருக்கிறது. இந்த விளையாட்டை ஆடும் தமிழ் ஆட்கள் ஞாயிறு மத்தியானங்களில் ஒன்றாகச் சேர்ந்து நடத்துகிற போட்டி. திருச்சியில் ஜெயசீலன் என்று ஒரு பொறியாளர்தான் பொறுப்பு. அம்பத்திரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஓவர்லாக் என்ற பெயரில் நானும் சேர்ந்தேன். இங்கே யாரும் எனக்குத் தலையைக் கொடுக்கமாட்டார்கள்.

முதல் சுற்றில் ஒரு ஈரோட்டுக்காரன், பெரிய வாள். ஏழுக்கு நான்கு, நான் ஜெயித்தேன். அவன் கடைசியில் ‘நல்ல கால்’ என்று எழுதிவிட்டுப் போனான். இந்த இரண்டு வார்த்தையை எழுதத் தெரிந்த ஒரு ஆளாவது இருக்கிறான்.

ஜூலை 14, ஞாயிறு

இரண்டாம் சுற்றும் மூன்றாம் சுற்றும் ஒரே நாளில். இரண்டிலும் ஜெயித்தேன். மூன்றாவதில் ஒரு அடிகூட வாங்கவில்லை. அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன். நாளைக்கு இட்லி இல்லை.

ஜூலை 15, திங்கள்

லீக்கிலிருந்து கடிதம். அப்படியே எழுதி வைக்கிறேன், பின்னால் யாரும் நான் கூட்டிச் சொன்னேன் என்று சொல்லக் கூடாது.

‘ஓவர்லாக் அவர்களுக்கு. நேற்றைய ஆட்டத்தின் பதிவைப் பரிசோதித்தோம். உங்கள் முன், பின் அடிவைப்புகளுக்கு இடையிலான நேரம் நூற்றுத் தொண்ணூறு முறை ஏறத்தாழ ஒரே அளவில் உள்ளது. மனிதக் கை இவ்வளவு சீராக இயங்காது. தானாக இயக்கும் மென்பொருளை நீங்கள் பயன்படுத்துவதாக முடிவு செய்து உங்களை நீக்குகிறோம்.’

மனிதக் கை இயங்காதாம். கையால் நான் எங்கே நடந்தேன்?

பன்னிரண்டு வருடம் சீராக மிதி, சீராக மிதி என்று தலையில் தட்டித் தட்டிச் சொல்லித்தந்தார்கள். சீராக மிதிக்காவிட்டால் அங்கே பீஸ் முகத்தில் வரும். சீராக மிதித்தால் இங்கே திருடி. இருநூறு முறை அந்த வைக்கோல் பொம்மை முன்னால் உட்கார்ந்தேனே, அதை யார் பதிவு செய்தார்கள்? ஒரு வார்த்தை, எப்படி ஆடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்களே பார்த்தார்கள், அவர்களே முடிவு செய்தார்கள், அவர்களே நீக்கினார்கள். லீக்கின் பொதுப் பக்கத்தில் என் பெயருக்கு நேராக ‘ஏமாற்று’ என்று சிவப்பில் போட்டிருக்கிறது. மசாலாக்காரன் அதற்குக் கீழே சிரித்திருக்கிறான்.

மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

மூர்த்தி கடிதத்தைப் படித்தான். கையைப் பற்றியும் பலகையைப் பற்றியும் சொல்லிவிட்டால் முடிந்தது என்றான். சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அம்பத்திரண்டு பேரில் யாரிடமாவது உன் கையைக் காட்டு என்று கேட்டார்களா? நான் மட்டும் எதற்குக் காட்ட வேண்டும்? நான் ஏமாற்றவில்லை என்று சொன்னால் அது போதாதா?

ஜெயசீலனுக்கு நானே எழுதினேன். செய்யாததைச் செய்ததாக ஒருவர் மேல் போட்டுவிட்டு எப்படி உங்களால் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது என்று கேட்டேன். ஒரு பக்கத்துக்கு எழுதினேன்.

நான் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா பிசிறு கத்தரி வாங்க வந்திருந்தாள். அம்மா அவளிடம் மூர்த்தியைப் பற்றி ஆரம்பித்தாள். அவன் குறுக்கு வழியென்று ஒருவழிப் பாதையில் எதிரே வண்டியை விட்டதையும், டெம்போ வந்ததையும், அவனுக்குச் சிராய்ப்புகூட இல்லாமல் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கை போனதையும். நூறாவது முறை. நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

ஜூலை 17, புதன்

பதில் இல்லை. தோள் வலிக்கிறது. எண்ணெய் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 18, வியாழன்

என் வீட்டுக்குள்ளேயே ஒரு உளவாளி இருக்கிறான்.

ஜெயசீலன் என்னிடம் பேச வேண்டும் என்று கேட்டார். முதல் முறையாக மைக்கைப் போட்டேன். நல்ல அடக்கமான குரல். “சிஸ்டர், எங்கள மன்னிக்கணும். உங்க தம்பி வீடியோ அனுப்புனாரு. பார்த்துட்டு எங்களால பேசவே முடியல” என்றார்.

மூர்த்தி என் பின்னால் நின்று என் காலையும், தொங்குகிற கையையும் படம் எடுத்திருக்கிறான். எனக்குத் தெரியாமல். நான் கூடாது என்று சொன்ன பிறகு. அதைத் திருச்சியில் இருக்கிற முன்பின் தெரியாத ஆளுக்கு அனுப்பியிருக்கிறான்.

தடையை எடுத்துவிட்டார்களாம். சிவப்பு எழுத்தையும் எடுத்துவிட்டார்களாம். அந்த இடத்தில் இப்போது ‘நம் வீரச் சகோதரி’ என்று போட்டு ஒரு பூங்கொத்துப் படம். சிவப்பே பரவாயில்லை.

மூர்த்தி வந்ததும் கேட்டேன். எனக்கு வேற வழி தெரியலக்கா என்றான். அவனிடம் இரண்டு நாளைக்குப் பேசுவதாக இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

கால் இறுதி. எதிராளி சேலத்துப் பையன், இதுவரை யாரிடமும் தோற்காதவன். களத்துக்கு வந்ததும் வாளைத் தாழ்த்தி வணங்கினான். சரி, மரியாதை என்று நினைத்தேன். ஆட்டம் தொடங்கியது. நான் உள்ளே போனேன், அடித்தேன், வெளியே வந்தேன். அவன் தடுக்கவில்லை. மறுபடி போனேன். வாளைத் தூக்குகிறான், வீசுகிறான், என்னைத் தொடாமல் இரண்டு அடி தள்ளி வீசுகிறான். மூர்த்தி செய்த அதே வேலை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கைதட்டுகிற படத்தைப் போட்டார்கள். வைக்கோல் பொம்மைக்குக்கூட இதைவிட மானம் இருக்கிறது.

ஐந்து அடி முடிந்ததும் நின்றேன். பொது அறையில் ‘என்னை அடி’ என்று எழுதினேன். அவன் ‘நீங்க ஜெயிக்கணும்க்கா’ என்று எழுதினான். நான் கதாயுதத்தைக் களத்தில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஏமாற்றுக்காரி என்று சொன்னபோது இவ்வளவு எரியவில்லை. அப்போதாவது என்னை ஒரு ஆளாக நினைத்துத் தண்டித்தார்கள்.

ஜூலை 22, திங்கள்

இதை எழுதலாமா என்று காலையிலிருந்து யோசித்தேன்.

அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மூர்த்தியைக் கடைக்குப் போக விடாமல் உட்கார வைத்தேன். பயிற்சிக் களத்துக்கு வா, நிஜமாக ஆடு என்றேன். வந்தான். முதல் அடிக்கே தப்பான பக்கம் வாளைக் கொண்டுபோனான். நான் மவுஸை மேசையில் அடித்தேன்.

“எதுக்குடா இப்படிப் பண்ற? சேலத்துக்காரனுக்கு என்னத் தெரியாது. உனக்குமா?”

அவன் தன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். அப்புறம், “உன்ன நான் எப்படிக்கா அடிப்பேன்? ஒருக்கா அடிச்சது போதாதா?” என்றான்.

“நீ எங்கடா அடிச்ச?”

“வண்டிய ஓட்டுனது நான்தான?”

“அந்தப் பக்கம் திருப்புன்னு சொன்னது நான்தான?”

சொல்லிவிட்டேன். ஒன்றரை வருடத்தில் முதல் முறை. அவன் பயந்துபோய் வாசலைப் பார்த்தான், அம்மா வந்துவிட்டாளா என்று.

“அத விடுக்கா, போச்சாது. நான் போலீஸ்லயும் நானாத்தான் திருப்புனேன்னு எழுதிக் குடுத்துட்டேன். உனக்குக் கையும் போயி, பேச்சும் எதுக்கு?”

விபத்து நடந்த அன்றைக்குக் காலை எட்டே முக்கால். ஒன்பது மணிக்குக் கம்பெனிக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். பாலத்தைச் சுற்றிப் போனால் பத்து நிமிடம் கூட ஆகும். அவன் சுற்றித்தான் போகிறேன் என்றான். நான் அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, “எல்லாரும் போறாங்க, திருப்புடா” என்றேன். முதலில் மாட்டேன் என்றான். இரண்டாவது முறை கத்தினேன். திருப்பினான்.

ஆஸ்பத்திரியில் எல்லாரும் கேட்டபோது நான் மயக்கத்தில் இருந்தேன். மயக்கம் தெளிந்த பிறகு கேட்டவர்களிடம், மயக்கத்தில் இருந்தேன், ஞாபகமில்லை என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

அம்மா அவனுக்குத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஜூலை 25, வியாழன்

அம்மாவிடம் இன்றும் சொல்லவில்லை. புளியைக் கரைத்து வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வந்துவிட்டாள்.

ஜூலை 26, வெள்ளி

யாரும் வரவில்லை. அப்படியும் சொல்லவில்லை. ஜெயசீலனுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஒரு பக்கம் முழுக்க எவ்வளவு நியாயம் பேசியிருக்கிறேன். எப்படி உங்களால் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது என்று அவரைக் கேட்டிருக்கிறேன். நான் மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலைப் பலகாரம் முடிந்து அம்மா பிசிறு வெட்ட உட்கார்ந்தாள். மூர்த்தி குளிக்கப் போயிருந்தான். எதிரில் உட்கார்ந்து, எட்டே முக்காலிலிருந்து ஆரம்பித்து, நான் தோளில் தட்டினது, அவன் மாட்டேன் என்றது, நான் கத்தினது, ஒன்று விடாமல் சொன்னேன். கத்தரி அதுபாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருந்தது. ஒரு பனியன் முடிந்து அடுத்ததை எடுத்தாள். அதில் பாதி வெட்டினாள். அப்புறம் கத்தரியைக் கீழே வைத்தாள்.

“அவன் அன்னிக்குக் கால்ல வுழுந்து அழுதான். நான் எந்திரிச்சு அக்கட்டப் போயிட்டேன்” என்றாள்.

அதற்குப் பிறகு வந்தது வசவு மழை. என்னை அம்மா அப்படித் திட்டி எத்தனை வருடமாயிற்று. நெஞ்சழுத்தக்காரி என்றாள். ஒன்றரை வருடம் என் மகனை என் வாயாலேயே சாகடித்தேனே, பார்த்துக்கொண்டு பிசைந்த சோற்றைத் தின்றாயே என்றாள். “கை போனவளுன்னு பாக்க மாட்டேன், எம் முன்னாடியிருந்து எந்திரிச்சுப் போயிரு” என்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. விபத்துக்குப் பிறகு என்னிடம் யாரும் குரலை உயர்த்தியதே இல்லை. நான் எழுந்து போகவில்லை. அவள் நிறுத்துகிறவரை உட்கார்ந்திருந்தேன். எல்லாமே எனக்கு வரவேண்டியதுதான்.

மூர்த்தி தலையில் துண்டோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அம்மா அவனைப் பார்த்து ஏண்டா சொல்லல என்று கேட்டாள். அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள். இருபத்தாறு வயதுப் பையன் தலையை.

மத்தியானம் என் தட்டில் சோற்றைப் போட்டு அப்படியே வைத்தாள். நானே பிசைந்து சாப்பிட்டேன். என்னோடு பேசவில்லை.

ஜூலை 31, புதன்

அம்மா இன்னும் பேசவில்லை. உப்பு எங்கே என்று மட்டும் கேட்டாள். நியாயம்தான்.

ஜெயசீலனுக்கு இரண்டு வரி எழுதினேன். பூங்கொத்தை எடுத்துவிடுங்கள். என் பெயருக்கு நேராக ‘கால் பலகை’ என்று மட்டும் போடுங்கள், மற்றவர்களுக்கு விசைப்பலகை என்று போடுவதைப் போல. இந்த முறை உடனே பதில் வந்தது. எடுத்துவிட்டார். அடுத்த மாதப் போட்டியில் முதல் சுற்றிலிருந்து ஆடுகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். முதல் சுற்றிலிருந்தே ஆடுகிறேன் என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு மூர்த்தியே வந்து என் பக்கத்து மேசையில் உட்கார்ந்தான். “வர்றியாக்கா?” என்றான். நிஜமாகத்தானே என்று கேட்டேன். தலையாட்டினான்.

முதல் அடி என் தலையில். எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. இரண்டாவது, வலப்பக்கம் ஓங்குவதுபோல் பாசாங்கு காட்டி இடப்பக்கம் வெட்டினான். நான்கு வருடமாக இவ்வளவையும் கற்று வைத்துக்கொண்டு என்னிடம் ஒளித்திருக்கிறான், படுபாவி. என் தாளத்தை இரண்டே நிமிடத்தில் படித்துவிட்டான். நான் உள்ளே வருவதற்கு முன்னாலேயே நான் வரப்போகிற இடத்தில் அவன் வாள் இருந்தது. நான்கு அடி வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது, சீராக மிதித்தால் இவனிடம் நடக்காது என்று. வேண்டுமென்றே தாளத்தை உடைத்தேன். ஒரு எட்டு வைக்க வேண்டிய இடத்தில் அரை எட்டு வைத்து நின்றேன். அவன் வாள் வெறும் காற்றில் போயிற்று. உள்ளே போய் நெற்றியில் போட்டேன் ஒன்று.

பக்கத்து மேசையில் “அய்யோ” என்று நிஜமாகக் கத்தினான். பொய்யாகத் தோற்ற நாட்களில் இந்தச் சத்தம் வந்ததே இல்லை.

அதற்கப்புறம் அவனும் விடவில்லை, நானும் விடவில்லை. அம்மா கத்தரியோடு பின்னால் வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. இதில் எது நீ என்று அவள் மூர்த்தியைத்தான் கேட்டாள். வாள் வைத்திருப்பவன் என்றான். அப்படியானால் அந்தக் குட்டைத் தடிக்காரி இவளா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஏழுக்கு இரண்டு. தோற்றேன். அந்த இரண்டும் நான் அடித்தது.